ஊராட்சிக் கணினியும் அனுமதிச் சிக்கலும்

(ஊராட்சி உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

 

விதையைப் பற்றியோ, உரத்தைப் பற்றியோ, சாலை போடுவதைப் பற்றியோ இன்று நான் பேச வரவில்லை. ஊராட்சி அலுவலகத்து மேசைமேல் இருக்கிறதே கணினி, அதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதிலும் ஒரே ஒரு சிக்கலைப் பற்றித்தான். புதிதாக ஒரு மென்பொருளை நிறுவ முற்படும்போது, ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று கணினி மறுத்துவிடுகிறது அல்லவா? அந்த மறுப்பே இன்றைய பொருள். இது கணினி படித்தவர்களின் கவலை, நமக்கென்ன என்று எவரும் எண்ண வேண்டா. இச்சிறு மறுப்பினால் ஓர் ஊர் நான்கு நாள் குடிநீருக்குத் தவித்ததை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

நான்கு நாள் தவிப்பு

2022ஆம் ஆண்டு சித்திரை மாதம். அந்த ஊரின் பெயரை இங்கே சொல்லுவது அவசியமன்று. ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் பழுதாயிற்று. பழுது பார்ப்பவருக்கு முந்தைய வேலைக்குரிய தொகையே நிலுவையில் இருந்தது. அது கைக்கு வந்தால்தான் இந்த மோட்டாரைத் திருப்பித் தர இயலும் என்று அவர் சொல்லிவிட்டார். அவரைக் குறை கூறுவதற்கில்லை; அவரும் தம்மிடம் வேலை செய்வோருக்குக் கூலி கொடுக்க வேண்டியவர். ஊராட்சிக் கணக்கில் பணம் இருந்தது. பட்டியல்களும் ஒழுங்காகவே இருந்தன. ஆனால் தொகையை இணைய வழியே செலுத்துவதற்கு மின் கையொப்பம் வேண்டும். அக்கையொப்பம் விரலளவான ஒரு கருவிக்குள் இருக்கிறது. அதைக் கணினியில் செருகினால் மட்டும் போதாது. கருவியை அடையாளம் கண்டுகொள்ளும் மென்பொருளைக் கணினியில் நிறுவவும் வேண்டும். பழைய கணினி பழுதாகிப் புதிய கணினி வந்து ஒரு வாரமே ஆகியிருந்தது.

ஊராட்சிச் செயலர் அந்த மென்பொருளைத் திறந்தார். திரை மங்கிற்று. நிர்வாகியின் கடவுச்சொல்லைத் தருமாறு கணினி கேட்டது. அவரிடம் அது இல்லை. கணினியை அணைத்துப் போட்டுப் பார்த்தார். மென்பொருளை மறுபடியும் இறக்கிப் பார்த்தார். மூன்று நாட்கள் இவ்வாறே கழிந்தன. பெண்கள் குடங்களோடு ஒன்றரை மைல் நடந்து அடுத்த ஊர்க் கிணற்றில் நீர் மொண்டனர்.

நான்காம் நாள் கணினி தெரிந்த இளைஞர் ஒருவர் வந்தார். ஏதோ ஓர் உபாயத்தால் கடவுச்சொல்லை அழித்தார். அந்தக் கணினியில் இருந்த எல்லாக் கணக்குகளையும் நிர்வாகிக் கணக்குகளாக்கினார். அனுமதி கேட்கும் ஏற்பாட்டை நிறுத்தினார். நச்சுநிரல் தடுப்பையும் நிறுத்தினார். மென்பொருள் ஏறிற்று, பணம் சென்றது, மோட்டார் வந்தது, தண்ணீரும் வந்தது. ஊரார் அந்த இளைஞருக்குத் துண்டு போர்த்திப் பாராட்டினர். அவர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆடி மாதம் திருவிழா வந்தது. துண்டறிக்கை அச்சிடுவதற்காக ஒருவர் பென் டிரைவ் ஒன்றைக் கொண்டுவந்தார். அலுவலக உதவியாளரின் கணக்கில் அதைத் திறந்தார்கள். அதிலிருந்த தீய நிரல் ஒன்று கணினிக்குள் புகுந்தது. உதவியாளரின் கணக்கும் நிர்வாகிக் கணக்காக இருந்தபடியால், அது செயலரின் கோப்புகளுக்குள்ளும் தடையின்றி நுழைந்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டது. இரண்டு மாதமாக மாலை நேரங்களில் உட்கார்ந்து செயலர் தட்டச்சு செய்து வைத்திருந்த வீட்டுவரிப் பட்டியல் முழுவதும் போயிற்று. காகிதப் பதிவேடு இருந்ததால் ஊராட்சி தப்பியது. அந்த மனிதரின் உழைப்பு தப்பவில்லை.

விசாரணைக்குச் சென்றவன் நான். நிர்வாகிக் கடவுச்சொல் எழுதிய உறை எங்கே என்று தேடினேன். அது என் அலுவலகத்து இரும்புப் பெட்டியிலேயே இருந்தது. கணினியை ஊராட்சிக்கு அனுப்பியபோது உறையைப் பெற்று வைத்தவர்கள் நாங்கள்; அப்படி ஓர் உறை இருக்கிறது என்று ஊராட்சிக்குச் சொல்லாமல் விட்டவர்களும் நாங்களே. ஒரு தொலைபேசி அழைப்பில் பத்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய காரியம் அது. அந்தப் பிழையின் பெரும் பங்கு என்னுடையது. அன்று முதல் செல்லும் ஊர்தோறும் இதைப் பற்றிப் பேசி வருகிறேன்.

கணினி ஏன் மறுக்கிறது?

ஏரிப் பாசனம் உள்ள ஊர்களில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் பொறுப்பு. அவரவர் வயலுக்குள் வாய்க்காலைத் திருப்பிக்கொள்ள ஒவ்வோர் உழவருக்கும் உரிமை உண்டு; மடையில் கை வைக்க உரிமை கிடையாது. ஏன்? ஒருவர் வயலில் செய்யும் தவறு அந்த வயலோடு போகும். மடையில் செய்யும் தவறு ஆயக்கட்டு முழுவதையும் பாதிக்கும்.

கணினியிலும் இவ்வாறே இருவகைக் கணக்குகள் உள்ளன. ஒன்று சாதாரணக் கணக்கு. மற்றொன்று நிர்வாகிக் கணக்கு. சாதாரணக் கணக்கில் இருப்பவர் கடிதம் எழுதலாம், பட்டியல் தயாரிக்கலாம், இணையத்தைப் பார்க்கலாம். கணினி முழுமைக்கும் பொதுவான இடங்களில் எழுதுவது மட்டும் அவரால் இயலாது. பெரும்பாலான மென்பொருள்கள் அப்பொதுவிடத்தில்தான் நிறுவப்படுகின்றன. ஆகையால்தான் நிறுவும்போது அனுமதி கேட்கப்படுகிறது.

இந்த ஏற்பாடு புதிதன்று. 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் தொடங்கிய யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தில் முதலிலிருந்தே கோப்புக்கு உரிமையாளர் உண்டு. யாவற்றுக்கும் மேலான ‘ரூட்’ என்னும் கணக்கும் உண்டு. ஏனெனில் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளும்படி அது அமைக்கப்பட்டது. மாறாக, ஒருவருக்கு ஒரு கணினி என்று கருதி அமைக்கப்பட்ட டாஸ், விண்டோஸ் 95 போன்றவற்றில் இத்தகைய காவல் இல்லை. எவரும் எதையும் மாற்றலாம். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் இருவகைக் கணக்குகள் இருந்தும், வீடுகளில் பெரும்பாலோர் நிர்வாகிக் கணக்கிலேயே எல்லா வேலைகளையும் செய்தனர். தீய நிரல்களுக்கு அது பெரும் வசதியாயிற்று. 2007இல் பொதுமக்களுக்கு வெளியான விண்டோஸ் விஸ்டாவில்தான், நிர்வாகியே ஆனாலும் முக்கியமான மாறுதலுக்கு முன் ஒருமுறை கேட்டுவிட்டுச் செய்யும் முறை புகுத்தப்பட்டது. திரை மங்கிக் கேள்வி வருவது அதனால்தான்.

கணினி இப்படிக் கேட்பதை அவமதிப்பாகக் கருதுவோர் உண்டு. ஊராட்சியின் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையொப்பமிட வேண்டும் என்று வைத்திருப்பது தலைவர்மேல் நம்பிக்கை இல்லாமையாலா? இல்லை. பொதுப் பணத்தை ஒரு கை மட்டும் தொடலாகாது என்பதற்காகவே. கணினியின் கேள்வியும் அத்தகையதே.

மறுப்பு வந்தால் செய்ய வேண்டியவை

முதலாவது, திரையில் வந்த செய்தியை முழுவதும் படியுங்கள். எண் இருந்தால் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ‘ஆக்சஸ் டினைட்’ என்றோ, 5 என்ற எண்ணோ வந்தால் உரிமை மறுக்கப்பட்டது என்று பொருள். 740 என்றால் அவ்வேலைக்கு நிர்வாகி உரிமை தேவை. 1925 என்றால் எல்லாப் பயனர்களுக்கும் பொதுவாக நிறுவ உங்கள் கணக்குக்குப் போதிய உரிமை இல்லை. 1625 என்றால் கணினியை ஆளும் அலுவலகம் வகுத்த விதியே தடுக்கிறது. நோயாளி தன் நோயைச் சரியாகச் சொன்னால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்ததுபோல, இந்த எண்ணைச் சொன்னால் உதவுபவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

இரண்டாவது, நீங்கள் எந்தக் கணக்கில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். விண்டோஸில் ‘செட்டிங்ஸ்’ சென்று, ‘அக்கவுண்ட்ஸ்’ என்பதில் ‘யுவர் இன்ஃபோ’ என்ற பகுதியைத் திறந்தால், நிர்வாகியாயின் உங்கள் பெயருக்குக் கீழே ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று இருக்கும். இல்லையாயின் உங்களுடையது சாதாரணக் கணக்கு.

மூன்றாவது, நிறுவும் கோப்பின்மேல் சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தி, ‘ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். நாம்தான் நிர்வாகியாயிற்றே, இது எதற்கு என்று கேட்கலாம். நிர்வாகியும் அன்றாடம் சாதாரண உரிமையோடுதான் இயங்குகிறார். அனுமதி தந்த அந்த ஒரு வேலைக்கு மட்டுமே முழு உரிமை பெறுகிறார். சாதாரணக் கணக்கில் இருப்பவர் இவ்வாறு செய்தால் நிர்வாகியின் கடவுச்சொல் கேட்கப்படும். பொறுப்பானவர் வந்து, சாதாரணக் கணக்கில் இருந்தபடியே அதைத் தட்டச்சு செய்துவிட்டால் போதும்.

நான்காவது, கோப்பு இணையத்திலிருந்து வந்ததாயின், வெளியிலிருந்து வந்தது என்னும் குறி அதன்மேல் இருக்கும். வலப்பொத்தானை அழுத்தி ‘ப்ராப்பர்ட்டீஸ்’ என்பதைத் திறந்தால், அடியில் ‘அன்பிளாக்’ என்ற கட்டம் தென்படலாம். அரசின் தளத்திலிருந்தோ, மென்பொருளை உண்டாக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்தோ வந்ததுதான் என்று உறுதி செய்த பின்னரே அதைக் குறியிட வேண்டும்.

ஐந்தாவது, அனுமதி கொடுத்த பிறகும் மறுப்பு வந்தால், அதே மென்பொருளின் பழைய பதிப்பு இயங்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பயன்பாட்டில் உள்ள கோப்பை மாற்றக் கணினி இடம் தராது. ஒருமுறை கணினியை மறுபடி தொடங்கினால் இத்தகைய மறுப்புகள் பல நீங்கிவிடும்.

ஆறாவது, பழைய கணினியின் வட்டிலிருந்து கொண்டுவந்த கோப்புறைகள் பழைய கணக்கின் உடைமையாகவே இருக்கலாம். பட்டா பழைய பெயரிலேயே இருக்கும் நிலம் போன்றது அது. கையில் இருந்தாலும் உரிமை செல்லாது. அந்தக் கோப்புறையின் ‘செக்யூரிட்டி’ பகுதியில் நிர்வாகி உரிமையை மாற்றிக் கொடுக்க வேண்டும். 1603 என்ற எண் பல காரணங்களால் வரும். நிறுவப்படும் கோப்புறையில் ‘சிஸ்டம்’ என்னும் உள்கணக்குக்கு முழு உரிமை இல்லாமை அவற்றுள் ஒன்று.

சில சமயம் கேள்வி வந்தும், ‘யெஸ்’ என்ற பொத்தான் மங்கியிருக்கும்; கடவுச்சொல் இடுவதற்கும் இடம் இராது. இயங்கக்கூடிய நிர்வாகிக் கணக்கே அந்தக் கணினியில் இல்லை என்பது அதன் பொருளாக இருக்கலாம். அப்போது நீங்களாக எதுவும் செய்ய வேண்டா. ஒன்றிய அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.

சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் போன்ற லினக்ஸ் கணினிகளில் இதே மறுப்பு ‘பெர்மிஷன் டினைட்’ என்று வரும். அங்கே கட்டளைக்கு முன்னால் ‘சூடோ’ என்ற சொல்லைச் சேர்த்தால், உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டு, அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் உரிமை தரும். சூடோவைப் பயன்படுத்தும் உரிமை பெற்றவர் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால்தான் அதுவும் செல்லும்.

செய்யத் தகாதவை

நீர்க்கட்டி வெளியூர் சென்றிருக்கிறார் என்பதற்காகக் கடப்பாறையால் கரையை வெட்டுவாரில்லை. கணினியிலும் அப்படி வெட்டக் கூடாது. எல்லாக் கணக்குகளையும் நிர்வாகிக் கணக்குகளாக்குவது, அனுமதி கேட்கும் ஏற்பாட்டை அறவே நிறுத்துவது, வட்டு முழுவதற்கும் ‘எவ்ரிஒன்’ என்று யாவருக்கும் முழு உரிமை கொடுப்பது, நச்சுநிரல் தடுப்பை நிறுத்திவிட்டு மறந்துபோவது ஆகிய நான்கும் கரையை வெட்டுவதற்கு ஒப்பானவை. உரிமம் உடைக்கப்பட்ட திருட்டு மென்பொருளை நிறுவுவது ஐந்தாவது. அத்தகைய மென்பொருளை நிறுவச் சொல்லுபவர் முதலில் சொல்லும் வார்த்தையே, ‘தடுப்பை நிறுத்திவிடுங்கள்’ என்பதாக இருக்கும். அதிலிருந்தே அதன் குணத்தை உணரலாம்.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். சாதாரணக் கணக்கு எல்லா நோய்க்கும் மருந்தன்று. ஒருவர் கணக்கில் புகுந்த தீய நிரல் அவருடைய சொந்தக் கோப்புகளை அழிக்கக்கூடும். பிறருடைய கோப்புகளுக்கும் கணினியின் அடிப்படைக்கும் பரவாமல் தடுக்கலாம் என்பதே பயன். 2017ஆம் ஆண்டு மே மாதம் ‘வானாக்ரை’ என்னும் நிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டியது. அது விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையின் வழியே பரவிற்று. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச்சு மாதமே வெளியிட்டிருந்தது; போட்டுக்கொள்ளாதவர்கள் துன்பப்பட்டார்கள். ஆகவே திருத்தங்களைத் தள்ளிப் போடலாகாது. விண்டோஸ் 10 பதிப்புக்கான பொது ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. அந்தப் பதிப்பு உள்ள கணினிகளைப் பட்டியலிட்டு ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.

ஊராட்சிகள் செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடு

ஒவ்வோர் ஊராட்சிக் கணினியிலும் நிர்வாகிக் கணக்கு ஒன்றும், வேலை செய்பவர் ஒவ்வொருவருக்கும் சாதாரணக் கணக்கு ஒன்றும் இருக்கட்டும். அன்றாட வேலை யாவும் சாதாரணக் கணக்கிலேயே நடக்கட்டும். நிர்வாகிக் கடவுச்சொல்லை எழுதி, உறையிலிட்டு ஒட்டி, ஒன்றை ஊராட்சியின் பெட்டியிலும் ஒன்றை ஒன்றிய அலுவலகத்திலும் வையுங்கள். உறை இருக்கும் இடம் பொறுப்பாளர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே இருப்பது தெரிய வேண்டியதில்லை. உறையைப் பிரித்தால் நாள், காரணம், நிறுவிய மென்பொருளின் பெயர் மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். செயலரோ பொறுப்பாளரோ மாறும்போது, சாவிக்கொத்தை ஒப்படைப்பதுபோல இதையும் ஒப்படைத்துக் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். வாரம் ஒருமுறை முக்கியக் கோப்புகளை வேறொரு வட்டில் பிரதி எடுத்து, அந்த வட்டைக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். செருகியே வைத்த பிரதி, வைக்கோற்போரின் அருகிலேயே வைத்த விதைநெல்லைப் போன்றது. தீப் பிடித்தால் இரண்டும் போகும்.

இந்த ஏற்பாட்டைச் செய்துகொண்ட ஓர் ஊராட்சியில் சென்ற ஆண்டு இதே மின் கையொப்பச் சிக்கல் வந்தது. செயலர் செய்தியின் எண்ணைக் குறித்துக்கொண்டு எனக்குத் தொலைபேசியில் சொன்னார். உறை பிரிக்கப்பட்டது, மென்பொருள் ஏறிற்று, குறிப்பேட்டில் மூன்று வரி எழுதப்பட்டது. அன்று மாலையே பணம் சென்றது. எவரும் எவருக்கும் துண்டு போர்த்தவில்லை. போர்த்த வேண்டிய அவசியமும் நேரவில்லை.

உழவர்களுக்கு ஒரு வார்த்தை

உங்கள் கைப்பேசியும் ஒரு கணினியே. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் பிளே ஸ்டோர் போன்ற கடைகளுக்கு வெளியிலிருந்து வரும் செயலியை நிறுவப் போனால், அறியாத இடத்திலிருந்து வந்தது என்று அது தடுக்கும். உதவித்தொகை, பயிர்க் காப்பீடு, வங்கி என்று பெயர் சொல்லி வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வந்து, ‘அனுமதியைத் திறந்து நிறுவுங்கள்’ என்று யாரேனும் சொன்னால், அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். அனுமதி கொடுத்தால் உங்கள் குறுஞ்செய்திகளை அவர்கள் படிக்கக்கூடும். வங்கியிலிருந்து வரும் இரகசிய எண்ணும் அவற்றுள் அடங்கும். அங்கே வந்த மறுப்பு உங்களுக்குச் சிக்கலன்று. அதுவே உங்களுக்குக் காவல். தவறி ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்க வேண்டா. உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள். காலம் தாழ்த்தினால் பணத்தை மீட்பது கடினம்.

அன்பர்களே! ‘அனுமதி இல்லை’ என்று கணினி சொல்லும்போது இரண்டு கேள்விகளை நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். இது நம்முடைய வேலைக்குத் தேவையான மென்பொருள்தானா? அப்படியானால், அனுமதி கொடுக்க வேண்டியவர் யார்? தேவையில்லையெனில் மறுப்புக்கு நன்றி சொல்லி விலகுவோம். தேவையெனில் உரியவரிடம் கேட்டுப் பெறுவோம். கேட்டால் உடனே கொடுக்க வேண்டியது எங்கள் கடமை. அந்தக் கடமையில் நாங்கள் தவறினால் எங்களைத் தட்டிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அந்த உரிமைக்கு எந்தக் கடவுச்சொல்லும் வேண்டியதில்லை.